மாக்னெட்டோவின் ஸ்விச்சு

நம் வீடுகளில் விளக்கின் ஸ்விச்சைக் கீழே அழுத்தினால் விளக்கு எரிகிறது. மேலே தள்ளினால் அணைகிறது. சுவருக்குள் ஓடும் கம்பியை எலி கடித்துவிட்டால் விளக்கு எரியாமல் நின்றுவிடுகிறது. நாமும் மின்சாரக்காரருக்குச் சொல்லி அனுப்புகிறோம். கம்பி அறுந்தால் மின்சாரம் நின்றுவிடும், கருவி உறங்கிவிடும் என்னும் எண்ணம் சிறு வயது முதலே நம் மனத்தில் ஊறியிருக்கிறது. தெருவில் அறுந்து தொங்கும் கம்பியின் கதை வேறு. அதை இங்கே கலக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணத்துக்கு முற்றிலும் மாறான ஒரு ஸ்விச்சைப் பற்றி இன்று நேயர்களோடு பேச விரும்புகிறோம். சிறு ஆகாய விமானங்களின் எஞ்சினில் மாக்னெட்டோ என்று ஒரு கருவி உண்டு. அதை அடக்குவதற்காக அமைந்தது இந்த ஸ்விச்சு. இது அணைந்த நிலையில் இருக்கும்போது இதன் மின்வழி இணைந்திருக்கும்; ஏற்றிய நிலையில் பிரிந்திருக்கும். இதன் கம்பி அறுந்துபோனால் கருவி உறங்காது, விழித்தே இருக்கும். விமானி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேநீர் அருந்தப் போயிருப்பார். புரொப்பெல்லரைத் துடைக்க வந்த உதவியாள் அதைக் கையால் சற்றே நகர்த்துவார். அந்த ஓர் அசைவில் எஞ்சின் உயிர்த்தெழக் கூடும்.

விமானப் பொறியியல் நம்முடைய துறையன்று. இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று, மத்திய அரசின் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவதே நமது தொழில். ஆயினும் பெங்களூரில் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் விமானத்தின் வாடை படாமல் இருக்க முடியாது. 1940-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து தொடங்கிய விமானத் தொழிற்சாலை இந்நகரத்தில்தான் வேரூன்றிற்று. டாக்டர் வி. எம். காட்கேயின் தலைமையில் உருவான எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் 1951-இல் இங்கேதான் முதன்முதலாகப் பறந்தது. 1958-இல் புஷ்பக் பறந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தி, 90 குதிரைத் திறன் கொண்ட கான்டினென்டல் எஞ்சின் பூட்டிய இரண்டு ஆசன விமானம் அது. நாடு முழுவதிலும் உள்ள விமானக் கழகங்களில் எத்தனையோ இளைஞர்கள் அதில்தான் முதன்முதலாக வானத்தைத் தொட்டார்கள். குபேரனிடமிருந்து இராவணன் பறித்துக்கொண்ட புஷ்பக விமானம் நினைத்த மாத்திரத்தில் புறப்பட்டதாகச் சொல்வார்கள். நம் புஷ்பக்கோ, ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றினால்தான் புறப்படும். அதற்கு மின்சார ஸ்டார்ட்டர் இல்லை.

தாமே விமானம் கட்டிக்கொள்வோரின் கதையும் இந்நகரத்தைத் தொட்டுச் செல்கிறது. அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் என்னும் வடிவமைப்பாளர், ஆர்வலர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளும் பொருட்டு லாங்-ஈஸி என்றொரு விமானத்தை வரைந்து கொடுத்தார். நுரைப் பலகையைச் சீவி உருவாக்கி, அதன்மேல் கண்ணாடி இழையும் பிசினும் பூசிக் கட்டுவது. எஞ்சினும் புரொப்பெல்லரும் பின்புறத்தில் இருக்கும். பெங்களூரிலுள்ள தேசிய விமான ஆய்வகம் அந்த வடிவத்தைத் தழுவி 1980-களில் ஓர் ஆராய்ச்சி விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. அங்கே கற்ற பாடங்கள் 1993-இல் பறந்த ஹன்சா விமானத்துக்குத் துணைசெய்தன. மும்பையில் கேப்டன் அமோல் யாதவ் தம் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியிலேயே விமானம் கட்டி, 2019-இல் அதைப் பறக்கவிட அரசின் அனுமதியைப் பெற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1910-ஆம் ஆண்டிலேயே சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய டாஞ்சலிஸ் என்பவர் தம் எண்ணப்படி சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானத்தைக் கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். குதிரை வண்டி செய்த கைகள் விமானம் செய்தன. ஆசைக்கு நம் நாட்டில் என்றும் குறைவிருந்ததில்லை.

இப்படிக் கட்டுவோர் இறக்கையின் வளைவைப் பற்றியும் எஞ்சினின் திறனைப் பற்றியும் நிரம்பப் படிக்கிறார்கள். ஸ்விச்சுக்குச் செல்லும் இரண்டு கம்பிகளைப் பற்றிப் படிப்பதற்குள் அவர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது. அந்த இரண்டு கம்பிகளைப் பற்றியே நம் பேச்சு.

மாக்னெட்டோ என்பது யாது? மோட்டார் காரில் பேட்டரி உண்டு. அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்பார்க் பிளக்கில் பொறி உண்டாக்குவார்கள். விமானத்தில் பேட்டரியை நம்பி உயிரை ஒப்படைக்க முடியுமா? ஆகவே பேட்டரியின் தயவே இல்லாமல் தானே மின்சாரம் பிறப்பிக்கும் ஒரு சிறு பெட்டியை எஞ்சினிலேயே பூட்டுகிறார்கள். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் பட்டறையில் கோட்லோப் ஹோனோல்டு 1902-இல் செப்பம் செய்த கருவியின் வழித்தோன்றல் இது. பெட்டிக்குள் ஒரு காந்தம் எஞ்சினின் விசையால் சுழல்கிறது. அதன் எதிரே இரும்புத் தகடுகளின்மேல் இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டிருக்கின்றன. முதற்சுருள் தடித்த கம்பி. சில நூறு சுற்றுக்கு மேல் இராது. அதன்மேல் மயிரிழை போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது இரண்டாம் சுருள். காந்தம் சுழலும்போது முதற்சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. மெக்கானிக்குகள் 'பாயிண்ட்' என்று அழைக்கும் ஒரு ஜோடி முனைகள் சரியான கணத்தில் பிரிந்து அந்த ஓட்டத்தைத் திடீரென்று அறுக்கின்றன. அறுபட்ட அதிர்ச்சியில் இரண்டாம் சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் எழும்பிப் பிளக்கின் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. ஓடும் வண்டி சட்டென்று நின்றால் உள்ளே இருப்பவர்கள் முன்னே எறியப்படுவதைப் போன்றது இது.

இந்தக் கருவிக்குச் சாவி கிடையாது, திறப்பு கிடையாது. காந்தம் சுழன்றால் பொறி உண்டு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விமானம் தரையிறங்கியதா, விமானி இறங்கிவிட்டாரா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டன்று. எனவே அதை நிறுத்துவதற்கு ஒரே வழி, பாயிண்ட் பிரிந்தாலும் முதற்சுருளின் ஓட்டம் அறுபடாதபடி வேறொரு வழியைத் திறந்து வைப்பதுதான். முதற்சுருளின் முனையிலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்து, ஸ்விச்சு வழியாக எஞ்சின் உடலோடு சேர்த்துவிடுகிறார்கள். இதற்குப் 'பி-லீட்' என்று பெயர். முதற்சுருள் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து அது. ஸ்விச்சை இணைத்தால் பாயிண்ட் பிரியும்போது மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியே சுகமாக ஓடிக்கொண்டிருக்கும், திடுக்கென்று அறுபடாது, பொறி பிறக்காது. பழைய வெஸ்பா ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதன்று. வண்டியை நிறுத்த ஒரு பொத்தானை அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்துவது இணைப்பதற்காக, இணைந்தால்தான் எஞ்சின் அடங்கும்.

இங்கே மொழிபெயர்ப்பாளனின் தொல்லை தொடங்குகிறது. 'குழாயை மூடு' என்றால் தண்ணீர் நிற்கும். 'மின்வழியை மூடு' என்றால் மின்சாரம் ஓடும். இந்த முரண்பாட்டைப் பள்ளிக்கூடத்திலேயே சகித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். மாக்னெட்டோவில் அதுவும் தலைகீழாகிறது: மின்வழியை மூடினால் பொறி நிற்கிறது, திறந்தால் பொறி பறக்கிறது. போதாக்குறைக்கு, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றுகிறவர் விமானியைப் பார்த்துக் கூவும் சொல் 'கான்டாக்ட்'. அதாவது, 'தொடர்பு'. அந்தச் சொல்லைக் கேட்டு விமானி ஸ்விச்சை ஏற்றும்போது ஸ்விச்சினுள் உள்ள தொடர்பு அறுகிறது! உலகமெங்கும் அப்படித்தான் கூவுகிறார்கள்; நாம் திருத்தப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லை அகராதியை வைத்துக்கொண்டு தமிழாக்கினால் உதவியாளின் கை போய்விடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இன்னொரு சொல் 'எர்த்'. ஆங்கிலேயர் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்கர் 'கிரவுண்டு' என்கிறார்கள். இரண்டும் மண்ணையே குறிக்கும். வீட்டில் கரியும் உப்பும் இட்டுப் புதைத்த குழாயில் கம்பியைச் சேர்க்கிறோம். அங்கே அந்தச் சொல் பொருந்தும். ஐயாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு மண் ஏது? அங்கே 'எர்த்' என்பது எஞ்சினின் உலோக உடலே அன்றி வேறில்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சொல் மயங்கினால் கம்பி தவறான இடத்தில் போய்ச் சேரும். புதிதாகக் கட்டுகிறவர், "எர்த் தானே, ஏதாவது ஓர் உலோகத்தில் திருகிவிட்டால் ஆயிற்று" என்று ஸ்விச்சின் அந்த முனையைக் கருவிப் பலகையின் தகட்டில் திருகிவிடுகிறார்.

அப்படித் திருகினால் என்ன நேரும்? மின்னோட்டம் பலகையிலிருந்து உடற்சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து எஞ்சினைத் தாங்கும் சட்டத்துக்கு. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால் அங்கிருந்து ஒரு பின்னல் பட்டையைத் தாண்டி எஞ்சினுக்கு. இத்தனை படிகளில் எங்கேனும் ஒரு திருகு தளர்ந்தாலும், ஈரத்தால் ஓரிடம் பாசிபிடித்தாலும், அந்த ஒரு குறையால் இரண்டு மாக்னெட்டோக்களும் ஒரே சமயத்தில் கட்டுக்கு அடங்காதவை ஆகிவிடும். சாவியைத் திருப்பினால் 'அணைந்தது' என்று எழுத்து காட்டும். எழுத்துக்கும் எஞ்சினுக்கும் உறவே இராது. புஷ்பக் போன்ற எஃகுச் சட்ட விமானத்தில் இந்த வழி ஒருவாறு வேலை செய்யும். லாங்-ஈஸியிலும் ஹன்சாவிலுமோ உடல் முழுதும் இழையும் பிசினுமே. அங்கே மின்சாரம் ஓட உடலே கிடையாது.

ஆகையால் அனுபவசாலிகள் பின்பற்றும் வழி வேறு. உள்ளே ஒரு கம்பியும், அதன்மேல் உறையும், உறையின்மேல் செப்பு இழைகளால் பின்னிய போர்வையும் கொண்ட கம்பி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஷீல்டு கம்பி என்பார்கள். அதில் உட்கம்பியை மாக்னெட்டோவின் முதற்சுருள் முனையிலும், பின்னல் போர்வையை மாக்னெட்டோவின் உடலிலும் இணைக்க வேண்டும். ஸ்விச்சுப் பக்கத்தில் உட்கம்பி ஒரு முனைக்கு, போர்வை மறு முனைக்கு. அவ்வளவே. அங்கே பலகையின் தகட்டோடு எந்தச் சேர்க்கையும் கூடாது. இப்போது போவதும் வருவதும் ஒரே கம்பிக்குள் அடங்கிவிட்டது. இரண்டு மாக்னெட்டோக்களுக்கு இரண்டு தனித்தனிக் கம்பிகள். ஒன்றில் வந்த குறை மற்றொன்றைத் தொடாது.

போர்வையின் முனையைப் பலகையிலும் சேர்த்துவைத்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று சிலர் வாதிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டை ஒருநாள் அறுந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் மின்னோட்டம் திரும்பிப் போக வழி தேடும். அப்போது அது கண்டெடுக்கும் வழி நம்முடைய மெல்லிய பின்னல் போர்வையே. அது தாங்குமா? புகைந்து கருகும். காவலாக வைத்ததே தீக்குக் காரணமாகிவிடும். எனவே ஒரு முனையில் மட்டும் உடற்சேர்க்கை என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

இந்தப் போர்வைக்கு இன்னொரு பணியும் உண்டு. வானொலி நேயர்களுக்கு அது எளிதில் விளங்கும். வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் கிளம்பும்போது வீட்டு வானொலிப் பெட்டி கரகரவென்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். பொறி தெறிக்கும்போதெல்லாம் அது ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் போல் அலைகளை வீசுகிறது. விமானி கட்டுப்பாட்டு நிலையத்தின் குரலைக் கேட்டாக வேண்டும். பி-லீட்டுக்குப் போர்வை இல்லையேல் அந்தக் கம்பியே ஏரியல் ஆகி, அவர் காதில் கரகரப்பைத் தவிர வேறெதுவும் விழாது.

கம்பி அறுவது நடுவழியில் அன்று, பெரும்பாலும் முனையில்தான். எஞ்சின் ஓயாமல் அதிர்கிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்த கம்பியில் ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடும். அது முடிந்து இழைகள் நெகிழும் எல்லையில் மடிந்து மடிந்து ஒவ்வோர் இழையாக அறும். அதனால்தான் வளைய வடிவமான லக்கை உரிய இடுக்கியால் நசுக்கிப் பிடிக்கச் செய்கிறார்கள். லக்கின் பின்பகுதி கம்பியின் உறையையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். முனைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிடி போட்டு எஞ்சினோடு கட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து தீத்தடுப்புத் தகட்டுக்குத் தாவும் இடத்தில் ஒரு வளையம் தொய்வாக விட வேண்டும். பின்புறம் எஞ்சின் கொண்ட லாங்-ஈஸியில் கம்பி விமானியின் பலகையிலிருந்து உடல் நெடுகப் பயணம் செய்து வால்புறம் வரை வருகிறது. பிடிகள் கூடுதலாக வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எட்டு முழம் சுற்றினால் கிடைக்காத மின்பொருள் இல்லை. ஆனாலும் விலை மலிவு கருதி மிக்ஸி ஸ்விச்சையும் மேசைவிளக்குக் கம்பியையும் விமானத்தில் வைப்பவரை என்ன சொல்வது!

பின்னல் போர்வையின் ஓர் இழை சிலும்பி உட்கம்பியின் முனையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மாக்னெட்டோ ஊமையாகிவிடும். விமானி புறப்படுவதற்கு முன் செய்யும் சோதனையிலேயே அது தெரிந்துவிடும்; எஞ்சின் திணறும். கம்பிகள் ஒட்டிக்கொண்டால் எஞ்சினே அதைச் சொல்லிவிடுகிறது. கம்பி அறுந்தால் எவரும் சொல்வதில்லை. எஞ்சின் வழக்கம்போலவே ஓடும். இந்த விஷயத்தின் கொடுமை முழுதும் இதில்தான் இருக்கிறது.

இப்படி ஏன் அமைத்தார்கள்? வேண்டுமென்றேதான் அமைத்தார்கள். வானத்தில் கம்பி அறுந்தால் எஞ்சின் நிற்கக் கூடாது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பறக்கிறவனுக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. அதற்கு மேலும் காவலாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிளக்குகள், அவற்றுக்கு இரண்டு மாக்னெட்டோக்கள்; ஒன்று போனாலும் மற்றொன்று கொண்டுவந்து சேர்க்கும். பறக்கிறவனுக்குத் தந்த இந்தக் காவலுக்கு விலை கொடுப்பவன் தரையில் நிற்கிறவன். அறுந்த கம்பி மேலே இருப்பவனுக்குத் தீங்கு செய்யாமல், புரொப்பெல்லரின் அருகே நிற்பவனுடைய கைக்காகக் காத்திருக்கிறது. இது நியாயமா என்று நாம் கேட்கவில்லை. வானத்தில் எஞ்சின் நின்றால் இருவரும் போவார்கள். ஆனால் ஏற்பாடு இன்னது என்பதை அந்தத் தரைமனிதனுக்கு அவன் மொழியில் சொல்லும் கடமை இருக்கிறது. கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. விமானத்தைத் தள்ளுகிறவரும் துடைக்கிறவரும் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசுகிறார்கள்.

கையால் சுழற்றும்போது எஞ்சின் மிக மெதுவாகத்தானே திரும்புகிறது, அதில் பொறி எப்படி எழும் என்று தோன்றும். அதற்காகவே மாக்னெட்டோவில் இம்பல்ஸ் கப்ளிங் என்று ஒரு வில் அமைத்திருக்கிறார்கள். மெதுவாகத் திரும்பும்போது அது காந்தத்தைப் பிடித்து நிறுத்தி, வில் முறுக்கேறியதும் 'டக்' என்ற ஓசையோடு விடுவிக்கும். காந்தம் ஒரு கணம் வேகமாகச் சுழன்று வலுவான பொறி தரும். அந்தப் பொறி சற்றுத் தாமதித்தும் வரும். பல எஞ்சின்களில் இடப்புற மாக்னெட்டோவில் மட்டுமே இது உண்டு. ஆகவே சாவி ஸ்விச்சில் 'ஸ்டார்ட்' நிலைக்குத் திருப்பும்போது வலப்புற மாக்னெட்டோ அடங்கியிருக்குமாறு ஸ்விச்சின் பின்னால் ஒரு சிறு இணைப்புத் தகடு போடுவார்கள். வீட்டில் கட்டுவோர் இதைத் தேவையற்ற துண்டு என்று எண்ணி எடுத்துவிடுவதுண்டு. அப்போது வலப்புறப் பொறி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 முதல் 30 பாகை முன்பாகவே தெறித்து, எஞ்சினை எதிர்த்து உதைக்கச் செய்யும். ஸ்டார்ட்டரின் பற்கள் உடையும். கையால் சுழற்றுகிற இடமானால் உடைவது பற்சக்கரமாக இராது. இரண்டு மாக்னெட்டோக்களிலும் இம்பல்ஸ் கப்ளிங் இருந்தால் மட்டுமே அந்தத் தகடு வேண்டாம்.

சாவி ஸ்விச்சு வேண்டாம், இரண்டு தனி ஸ்விச்சுகளே போதும் என்பவர்களும் உண்டு. எளிமையானது, குறை வந்தால் கண்டுபிடிப்பதும் சுலபம். விமானத்தில் ஸ்விச்சு மேல்நோக்கி இருந்தால் 'இயக்கம்' என்று பொருள். நம் வீட்டு வழக்கத்துக்கு எதிர். அதோடு, கீழ்நோக்கிய நிலையில் இணைப்பும் மேல்நோக்கிய நிலையில் பிரிவும் ஏற்படுமாறு அதைத் திருப்பிப் பொருத்த வேண்டும். நம் வீட்டுப் பழக்கத்தில் வளர்ந்த கை இருட்டிலும் அவசரத்திலும் தவறிப்போகும். ஆகவே ஸ்விச்சின் அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதை நாம் கௌரவக் குறைவாகக் கருதக் கூடாது.

கம்பியைப் பூட்டிய பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. மீட்டரை எடுத்துக்கொண்டு, கம்பி மாக்னெட்டோவில் பூட்டியிருக்கும்போதே ஸ்விச்சின் முனைகளில் வைத்துப் பார்த்தால் எந்த நிலையிலும் ஏறக்குறைய சுழியமே காட்டும். முதற்சுருளின் தடையே மிகக் குறைவு. 'நன்றாக இருக்கிறது' என்று எழுந்துவிடுவோம். உண்மை அறிய வேண்டுமானால் மாக்னெட்டோ முனையிலிருந்து கம்பியைக் கழற்றி, கழற்றிய முனையில் உட்கம்பிக்கும் போர்வைக்கும் இடையே அளக்க வேண்டும். ஸ்விச்சு அணைந்திருந்தால் சுழியம். ஏற்றியிருந்தால் தொடர்பே இராது. ஆனால் கம்பியைக் கழற்றிய அந்தக் கணமே மாக்னெட்டோ கட்டவிழ்ந்தது ஆகிறது. ஆகவே கழற்றுமுன் பிளக்குகளுக்குப் போகும் கம்பிகளை எடுத்துவிட வேண்டும்.

ஓடும் எஞ்சினிலும் சோதனை உண்டு. புறப்படுமுன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 அல்லது 2,000 சுற்று அளவில் ஓடவிட்டு, ஒரு மாக்னெட்டோவை அணைத்து மற்றொன்றில் மட்டும் ஓடச்செய்து பார்ப்பார்கள். ஒரு பிளக்கே எரிவதால் சுற்று சிறிது குறைய வேண்டும். எவ்வளவு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டில் இருக்கும். மிகக் குறைந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்சமும் குறையாவிட்டாலோ, "ஆகா, எஞ்சின் எவ்வளவு நன்றாக இருக்கிறது!" என்று மகிழ்பவர்கள் உண்டு. அணைத்ததாக நினைத்த மாக்னெட்டோ அணையவே இல்லை என்பதே அதன் பொருள். நோயாளிக்கு வலி தெரியவில்லை என்று மருத்துவர் மகிழ்வதைப் போன்றது அது.

தரையிறங்கி நிறுத்துமுன் இன்னொன்று செய்ய வேண்டும். எஞ்சினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சாவியை ஒரு நொடி முழுதும் அணைத்து உடனே திருப்ப வேண்டும். எஞ்சின் சாகத் தொடங்கினால் கம்பிகள் இரண்டும் உயிரோடிருக்கின்றன. சாகாமல் ஓடினால் எந்த மாக்னெட்டோவோ அடங்கவில்லை. 1976-இல் அமெரிக்க விமானத் துறையினர் ஒருவகைச் சாவி ஸ்விச்சுகளுக்கு இதையே கட்டாயச் சோதனையாக்கினார்கள். கம்பி நன்றாயிருந்தும் ஸ்விச்சின் உள்ளுறுப்பே தேய்ந்து ஏமாற்றுவதுண்டு. வேகமாக ஓடும்போது இந்தச் சோதனை கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சேர்ந்து, சாவியைத் திருப்பியதும் வெடித்துக் குழாயைப் பிளந்துவிடும். சோதனை முடிந்ததும் எஞ்சினைச் சாவியால் நிறுத்துவதில்லை. பெட்ரோலை அடைத்து, சிலிண்டரில் மிச்சமில்லாமல் எரிந்து தீரவிட்டு, அதன் பிறகே சாவியை எடுக்கிறார்கள். பொறி இருந்தாலும் எரிய எண்ணெய் இல்லாதிருக்கட்டும் என்பது கருத்து.

ஹன்சாவின் பிற்கால வடிவங்களில் பூட்டிய ரோட்டாக்ஸ் எஞ்சினில் மாக்னெட்டோவுக்குப் பதில் மின்னணு முறை உள்ளது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுழன்றால்தான் அதில் பொறி பிறக்கும். கைக்கு அபாயம் குறைவு. ஆனால் அதையும் நிறுத்துவது கம்பியை எஞ்சின் உடலோடு சேர்த்துத்தான். பெயர் மாறிற்று, வழக்கம் மாறவில்லை.

மாக்னெட்டோவைப் பழுதுபார்க்கும்போதும், கம்பி கழன்றிருக்கும்போதும் புரொப்பெல்லரில் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிடுவது நல்ல வழக்கம். ஆங்கிலச் சீட்டில் மாக்னெட்டோ சூடாக இருப்பதாக எழுதுவார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் படித்தவர், 'சூடுதானே, ஆறட்டும்' என்று கால்மணி நேரம் காத்திருந்து கையை வைப்பார்! நாம் யோசித்துப் பார்த்ததில், 'பொறி அடங்கவில்லை. புரொப்பெல்லரைத் தொடாதே' என்பதே பொருத்தமாகப் பட்டது. அதன் கீழே கன்னடத்தில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகச் சிவப்பு வண்ணத்தில் குறுக்கே வெட்டிய ஒரு கையின் படம். சீட்டைச் சாவியில் கட்டக் கூடாது. சாவியின் அருகே போகாதவருக்கும் அது கண்ணில் பட வேண்டும். ஆகவே புரொப்பெல்லரின் அலகிலேயே, வந்து நிற்பவரின் முகத்துக்கு நேரே கட்ட வேண்டும்.